சின்னத் தாத்தாவின் ரத்தத்தில் என்ன இருந்தது?

கடலூர் ஓ.டி.யில் இருந்த எங்கள் பழைய வீட்டில் தாத்தாவும் அவர் தம்பியும் ஒரே கூடத்தில் படுத்து, ஒரே பானைச் சோறு தின்று வளர்ந்தவர்கள். 1954-இல் தம்பி காசநோயில் இறந்தார். தாத்தாவோ எண்பது வயது தாண்டியும் திடமாக இருந்தார்.

1966-இல் அத்தைக்குச் சிதம்பரத்தில் ஒரு வரன் அமைந்து, தட்டு மாற்றும் நேரத்தில் நின்றுபோனது. "அவங்க ரத்தத்துலயே டி.பி. இருக்கு" என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். அத்தை அதற்கப்புறம் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டார். முப்பது வருஷம் கழித்து நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. சேர்ந்தபோது, "அந்த ஊர்லயா படிக்கப் போற?" என்று மட்டும் கேட்டார்.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஆனாலும் அந்த "ரத்தத்துலயே" என்ற சொல் என்னை விடவில்லை. அதில் உண்மை உண்டா?

காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று 1882-இலேயே ராபர்ட் காக் காட்டிவிட்டார். ஆனால் கிருமி உள்ளே போன நூறு பேரில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் ஐந்து முதல் பத்துப் பேர்தான். மற்றவர்கள் உடம்பு அதை அடக்கி வைத்துவிடுகிறது.

அடக்கும் வேலையில் பெரிய பங்கு எச்.எல்.ஏ. மரபணுக்களுக்கு உண்டு. 1958-இல் பாரிஸில் ஜான் தோசே வெள்ளையணுக்களின் மேல் ஆளுக்கு ஆள் மாறும் ஓர் அடையாளத்தைக் கண்டார்; 1980-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமில் இருக்கின்றன. இவை உருவாக்கும் புரதங்களின் உச்சியில் ஒரு பள்ளம் உண்டு. கிருமியைத் தின்ற அணு, அதன் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டை அந்தப் பள்ளத்தில் வைத்து வெளியே நீட்டுகிறது. டி அணுக்கள் அதைப் பார்த்துத்தான் எதிரியை அடையாளம் காண்கின்றன. பள்ளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் எந்தத் துண்டு நன்றாகப் பொருந்தும் என்பதும் வேறு.

கூடப் பிறந்தவர்களுக்குள்ளும் அப்படித்தான். இருவருக்கும் முழுக்க ஒரே எச்.எல்.ஏ. அமைய நாலில் ஒரு வாய்ப்பு. கொஞ்சமும் ஒத்துப்போகாமல் இருக்கவும் நாலில் ஒரு வாய்ப்பு.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம். பிச்சப்பன் குழுவினர் நம் ஊர்க்காரர்களின் ரத்தத்தையே எடுத்து ஆராய்ந்தார்கள். டி.ஆர்.2 என்ற எச்.எல்.ஏ. வகை நுரையீரல் காசநோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது என்று 1991-இல் எழுதினார்கள். சம்பந்தத்தை நிறுத்தியவர்கள் சொன்னது சரிதானோ என்று இதைப் படித்தபோது ஒரு நிமிஷம் எனக்கே சுருக்கென்றது.

சரியில்லை. கூடுதலாகக் காணப்படுவது வேறு, விதி வேறு. டி.ஆர்.2 உள்ள பெரும்பாலோருக்குக் காசநோய் வருவதே இல்லை. அது இல்லாத எத்தனையோ பேருக்கு வருகிறது. பெண் எடுக்க வந்தவர்கள் வீட்டிலும் அது இருந்திருக்கலாம்.

சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், மருந்து சாப்பிட்டால் சானடோரியத்தில் குணமாவது போலவே வீட்டிலும் குணமாகும் என்று 1959-இல் காட்டியது. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று அடுத்து வந்த ஆய்வு சொன்னது. உலகமே தன் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. ஏழு வருஷம் கழித்தும் நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த எங்கள் இரண்டு ஊர்களுக்குள் பழைய பேச்சுதான் ஓடியது.

2023-இல் ஜார்க்கண்டில் இருந்து இன்னொரு முடிவு வந்தது. நோயாளியின் குடும்பத்தாருக்கு நல்ல சாப்பாடு கொடுத்ததில், அவர்களுக்குக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. மரபணுவை மாற்ற முடியாது, தட்டில் விழும் சோற்றை மாற்றலாம். சின்னத் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ராத்திரிச் சோற்றைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுக் கஞ்சி குடித்துப் படுப்பாராம். தாத்தாவுக்குக் கடையில் கணக்கெழுதும் வேலை.

போன பொங்கலுக்கு இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ ரத்தத்துல ஒண்ணும் இல்லையா?"

"எல்லார் ரத்தத்துலயும் இருக்கறதுதான் நம்ம ரத்தத்துலயும் இருக்கு அத்தை."

"இதை அன்னிக்கே யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார்.