ஒப்புக்குச் சப்பாணிகளின் சரித்திரம்

ஆளை முன்னாடியே முடிவு பண்ணிட்டு, ஊருக்காக நம்மளைக் கூப்பிட்டு மூணு ரவுண்டு இன்டர்வியூ வைக்கிற கூத்து இருக்கே, அதை அனுபவிக்காத பொட்டி தட்டுறவன் உண்டா மக்களே? எனக்கு ரெண்டு தடவை நடந்திருக்கு. ஒரு இடத்துல லீவு போட்டுட்டுப் போய், காலையிலேர்ந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து, கடைசி ரவுண்டையும் முடிச்சேன். "மெயில் வரும்"னாங்க. வரலை. மேனேஜரோட பழைய டீம் ஆள் ஒருத்தருக்கு அந்த இடம் ஏற்கெனவே ஒதுக்கியாச்சுன்னு உள்ளே இருந்த நண்பன் அப்புறம் சொன்னான். "நாலு பேரைப் பார்த்ததா ரெக்கார்டு வேணும்ல, அதுக்குத்தான் நீ."

அந்தக் கடுப்புல இந்த வழக்கத்தோட பூர்வீகத்தைத் தோண்டினா, அது 19ஆம் நூற்றாண்டு லண்டன்ல கொண்டுபோய் விட்டது.

அப்போதெல்லாம் பிரிட்டிஷ் அரசாங்க வேலைக்கு சிபாரிசுதான் வழி. நாவலாசிரியர் ஆன்டனி ட்ரோலோப் 1834இல் தபால் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்த கதையைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் அம்மாவின் தோழி, தபால் துறைத் தலைவரின் மருமகள். போதாதா? பரீட்சை என்று டைம்ஸ் பத்திரிகையிலிருந்து சில வரிகளைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். மையைக் கொட்டி, எழுத்துப்பிழையோடு எழுதி வைத்தார். சரி, வீட்டில் நன்றாக எழுதி நாளைக்குக் கொண்டு வா என்றார்கள். கொண்டு போனார். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராக சீட்டைக் காட்டிவிட்டார்கள்!

இதை மாற்றத்தான் நார்த்கோட், ட்ரெவெல்யன் இருவரும் தயாரித்த அறிக்கை 1854இல் வெளியானது. (இதே ட்ரெவெல்யன்தான் 1859இல் நம்ம மெட்ராசுக்கு கவர்னராக வந்தவர்.) யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற போட்டித் தேர்வு வைங்கள் என்பது அவர்கள் யோசனை. ஆனால் வேலை போட்டுக் கொடுத்துத்தான் எம்பிக்களைக் கட்சியோடு கட்டி வைத்திருந்தார்கள். விடுவார்களா? 1855இல் தேர்வாணையம் வந்தது. தேர்வும் வந்தது. ஆனால் தேர்வுக்கு யாரை அனுப்புவது என்ற அதிகாரம் மட்டும் பழைய கைகளிலேயே இருந்தது. போட்டி வேண்டும் என்றால், ஒரு இடத்துக்கு மூன்று பேர் மாதிரி அவர்களே பெயர் கொடுப்பார்கள்.

இங்கேதான் நம்ம ஹீரோ வர்றார். வில்லியம் ஹேட்டர். நிதித்துறையில் வேலைகளைப் பங்கு போடும் செயலாளர், ஆளுங்கட்சிக் கொறடாவும் அவரே. அவர் கைவசம் ரெண்டு அடிமுட்டாள்களை வைத்திருந்தார் என்பது லண்டனில் பரவலாகப் பேசப்பட்ட கதை. தனக்கு வேண்டியவனைத் தேர்வுக்கு அனுப்பும்போதெல்லாம் இந்த ரெண்டு பேரையும் கூடவே அனுப்புவாராம். 'ட்ரெஷரி மக்குகள்' என்றே பெயர் விழுந்துவிட்டது. கவனிங்க, ஒரு விதியும் மீறப்படவில்லை. தேர்வு நடந்தது, முதல் மார்க் எடுத்தவனுக்கு வேலை கிடைத்தது :-)

போட்டி வேண்டும் என்று விதி போட்டவர்கள், போட்டியாளரை யார் பொறுக்குவது என்பதை விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டை 1870 ஜூனில் வந்த ஆணையில்தான் பெரும்பாலும் அடைபட்டது. அப்போதும் வெளியுறவுத் துறை தப்பித்துக்கொண்டது.

இதே ஓட்டை அமெரிக்காவில் வேறு ரூபத்தில் வந்தது. அங்கே ஒரு வெளிநாட்டுக்காரருக்கு கிரீன் கார்டு வாங்கித் தர, அவர் ஏற்கெனவே பார்க்கும் வேலைக்கே விளம்பரம் கொடுத்து, தகுதியான உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி காட்ட வேண்டும். 2020 டிசம்பரில் ஃபேஸ்புக் மீது அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. 2,600க்கும் மேற்பட்ட இடங்கள் பற்றிய வழக்கு. அந்த விளம்பரங்களைத் தன் வேலைவாய்ப்புத் தளத்தில் போடவில்லை, விண்ணப்பங்களைத் தபாலில் மட்டும் அனுப்பச் சொன்னது என்பது குற்றச்சாட்டு. ஃபேஸ்புக்குக்குத் தபால்! 2021 அக்டோபரில் 1.425 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டு சமரசம் ஆனது. ஹேட்டர் மக்குகளைக் கூட்டி வந்தார். இங்கே ஆளே வராமல் பார்த்துக்கொண்டார்கள் என்பது புகார்.

இதில் நம்மை உறுத்த வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. ஹெச்1பி விசாக்காரர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அந்தக் கல்யாணத்தில் நாம சப்பாணி இல்லை, மாப்பிள்ளை!

இந்தியாவில் மத்திய அரசு வேறு வழி பிடித்தது. 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு இன்டர்வியூவையே எடுத்துவிட்டார்கள். தனியாரில் அது நடக்காது. தெரிந்தவனை எடுப்பதிலும் தப்பில்லை, எடுத்துக்கட்டும். ஆனா நேரா எடுக்கணும். ஹேட்டரோட மக்குகளுக்குத் தாங்க ஏன் வந்திருக்கோம்னு தெரிஞ்சிருக்கும். ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் படிச்சுட்டு வர்ற பையனுக்கு அது தெரியாது. தன்கிட்ட ஏதோ குறைன்னு நினைச்சுக்கிட்டேதான் பஸ் ஏறுவான்.