கூப்பனோடு வந்த ரொட்டி

நேயர்களே, மலையகத்தின் பாரம்பரிய உணவு எது என்று கேட்டால் நம்மில் பலர் சற்றும் தயங்காமல் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் என்போம். விழா மலர்களிலும் அப்படித்தான் எழுதி வருகிறோம். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். கேகாலை மாவட்டத்தில் தெஹியோவிட்டைக்கு மேலே, ஓர் இறப்பர்த் தோட்டத்து லயத்தில், என் அப்பாயி சுட்ட ரொட்டியைத் தின்று வளர்ந்தவன் நான்.

சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் கேட்டேன்: "அப்பாயி, ஊர்லயும் இப்படித்தான் ரொட்டி சுடுவாங்களா?"

"ஊர்ல ஏதுடா ரொட்டி? எங்காத்தா கேப்பைக் களிதான் கிண்டுவா. ரொட்டி கூப்பனோட வந்தது ராசா" என்றார்.

அந்த ஒரு வரிக்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து இங்கு வந்த எம்மவர் பெரும்பாலும் கேழ்வரகும் கம்பும் சோளமும் உண்டவர்கள். தோட்டம் அவர்களுக்கு அரிசியைக் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை, கொடுத்த அரிசியைக் கணக்கெழுதிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் தோட்டத்து அரிசியின் விலையையும் சேர்த்தே பேசியது என்றால், கூலியும் சோறும் எவ்வளவு பின்னிக் கிடந்தன என்பது விளங்கும். அந்த அரிசியோ இந்த மண்ணில் விளைந்ததன்று. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்தது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி நின்றது. இலங்கையில் பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, அரிசியின் குறையை நிரப்பக் கோதுமை மாவும் வந்தது. அப்பாயி அப்போது புதுமணப்பெண்.

"மொதல்ல அதையும் களியாத்தான் கிண்டிப் பார்த்தோம். பசை மாதிரி ஒட்டிக்கிச்சு. பிள்ளைக துப்பிருச்சுக" என்று சிரிப்பார். பிறகு லயத்துக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்து ஆச்சி ஒருவர் குரக்கன் ரொட்டி சுடுவதைப் பார்த்து, அதே பக்குவத்தில் இந்த வெள்ளை மாவையும் தட்டினாராம்.

இங்கே எங்கள் பகுதியின் தனித்தன்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். மேல்மலைத் தோட்டங்களில் தேங்காய் கடையில் வாங்கும் பொருள். கேகாலைப் பக்கமோ தென்னை விளையும் தாழ்நிலம். ஆகவே எங்கள் ரொட்டியில் தேங்காய்ப்பூ தாராளமாக இருக்கும். திருவிய தேங்காயை உப்போடு மாவில் பிசறி, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, கையாலேயே தட்டிக் கல்லில் போடுவார் அப்பாயி. அம்மியில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் மாசித்துண்டும் நசுங்கும்.

அந்தத் தட்டை இன்று எண்ணிப் பார்க்கிறேன். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. மாசி மாலைதீவுப் பண்டம். சம்பல் மலாய்ச் சொல். மா எந்தத் தேசத்து வயலில் விளைந்ததோ! கடலைக் கண்ணால் கண்டிராத எங்கள் லயத்துக்கு உலகமே வந்து சேர்ந்திருந்தது.

ரொட்டி நிலைத்ததற்கு வேலையும் ஒரு காரணம். இறப்பர்ப் பால் குளிர்ந்த வேளையில்தான் நன்றாகச் சுரக்கும். ஆகவே விடியுமுன்னே பால் வெட்டப் போக வேண்டும். அந்நேரத்தில் சோறு வடித்துக் கறி சமைக்க எவளுக்கு அவகாசம்? இரண்டு ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டால் பகல்வரை பசி தாங்கும்.

இத்தகைய கதை நம்முடையது மட்டுமன்று. 1864இல் அமெரிக்க இராணுவம் நவஹோ என்னும் பழங்குடியினரை அவர்களது மண்ணிலிருந்து நெடுந்தூரம் நடத்திச் சென்று அடைத்து வைத்தது. சோளமும் அவரையும் பயிரிட்ட அம்மக்கள், இராணுவம் பங்கிட்ட மாவையும் கொழுப்பையும் கொண்டு பொரித்த ரொட்டியே இன்று அவர்களின் பாரம்பரிய உணவாகப் போற்றப்படுகிறது. அவர்களுள் சிலர் அதைப் பெருமையாகக் கருதுவர். சிலர் சிறைச்சோறு என்பர். இரண்டு கூற்றும் எனக்குப் புரிகிறது.

ஏனெனில் பட்டணத்துப் பள்ளியில் என் ரொட்டிப் பொதியை நான் ஒளித்துத் தின்றிருக்கிறேன். "தோட்டத்து ரொட்டி" என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அன்று மாலை, இனி ரொட்டி வேண்டாம் என்று அப்பாயியிடம் சண்டை பிடித்தேன்.

சில காலத்துக்குள் அந்த வேண்டுதல் பலித்தது. 1973இல் உலகச் சந்தையில் உணவுத் தட்டுப்பாடு. கூப்பன் மா வெட்டப்பட்டது. கிராமத்தாருக்கு வளவில் பலா நின்றது, மரவள்ளி இருந்தது. எங்களுக்குக் காலடி மண்ணும் தோட்டத்துக்கே சொந்தம். 1974இல் தோட்டப்புறங்களில் மரண வீதம் வெகுவாக உயர்ந்தது. ஒரு ரொட்டியை நான்காய்ப் பிய்த்து எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அப்பாயி சாயத் தண்ணீரை மட்டும் குடித்தார். பசியில்லை என்றார். நான் நம்பினேன்.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் எங்கள் உறவினர் பலர் இந்தியா சென்றனர். கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதி இறப்பர்த் தோட்டங்களில் குடியேறியவர்களும் உளர். ரொட்டி தெரியாத ஊரிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ரொட்டிக் கல்லைச் சுமந்து திரும்பிப் போனார்கள்.

2022இல் கோதுமை மாவின் விலை பல மடங்கு ஏறியபோது லயத்து அடுப்புகள்தாம் முதலில் தவித்தன. அரை நூற்றாண்டு கழிந்தும் ஒரு செடி மரவள்ளி ஊன்றத் தமக்கென நிலமில்லாதோர் எத்தனை பேர்!

ஆகவே நேயர்களே, ரொட்டியை எமது பாரம்பரியம் என்று தாராளமாகச் சொல்வோம். பசை மாதிரி ஒட்டிய மாவை உணவாக்கிய கைகள் எம் பெண்களுடையவை. ஆனால் அது கூப்பனோடு வந்தது என்பதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்வோம். அப்பாயி எனக்கு மறைக்காமல் சொன்னார்.