கிழங்கு சுட்ட பீரங்கி

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் வெண்ணெய்க்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன், இறைச்சிக்கு ரேஷன், தேயிலைக்கும் ரேஷன். உருளைக்கிழங்குக்குக் கிடையாது. உணவு அமைச்சகம் ‘பொட்டேட்டோ பீட்’ என்று ஒரு கிழங்குப் பொம்மையைச் சுவரொட்டிகளில் போட்டு, இதையே தின்னுங்கள் என்று ஜனங்களைக் கெஞ்சிக்கொண்டிருந்தது. அந்தக் கிழங்கைக் குழாய்க்குள் போட்டுப் பக்கத்துப் படகின்மேல் எய்து விளையாடினார்கள் கடற்படை மாலுமிகள். அவர்களிடம் இருந்த கருவியின் பெயர் ஹோல்மன் புரொஜெக்டர். இன்று வீட்டுக் கொல்லையில் குழாய் பொருத்திக் கிழங்கு சுடும் பொழுதுபோக்குக்காரர்களில் பலர், தங்கள் கருவிக்கு மூதாதை என்று சொல்வது இதைத்தான்.

ஹோல்மன் என்ற பெயர் எனக்குப் பழக்கமானது. நான் கோலார் தங்கவயல்காரன். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை துளைக்கும் மிஷினைப் பிடித்தவர். நான் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்குக் கம்ப்ரஸர் மெக்கானிக்காக இருந்தேன். ஆக, இரண்டு பேருக்கும் அடைபட்ட காற்றுதான் சோறு போட்டது.

1880-லிருந்து எங்கள் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் அண்டு சன்ஸ், மேலதிகாரிகளையும் அனுபவப்பட்ட சுரங்கக்காரர்களையும் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலிலிருந்து கொண்டுவந்தது. கீழே இறங்கி வேலை செய்ய வட ஆர்க்காட்டுத் தமிழர்கள் வந்தார்கள். கார்ன்வாலில் தகரமும் செம்பும் விலை விழுந்து, சுரங்கங்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அங்கே கேம்போர்ன் என்று ஒரு ஊர். 1801-ல் நிக்கோலஸ் ஹோல்மன் அங்கே பட்டறை போட்டார். அதே வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ரிச்சர்ட் டிரெவிதிக் தன் நீராவி வண்டியை அந்த ஊர் மேட்டில் ஏற்றிக் காட்டினார். பாய்லர் செய்த ஹோல்மன் குடும்பம், 1880-களில் காற்றால் ஓடும் பாறைத் துளைமிஷினுக்கு வந்து உலகம் பூராவும் பேர் வாங்கியது. அந்த மாதிரி மிஷின்கள் வந்ததும் வேலை வேகம் பிடித்தது, கூடவே பாறைத்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸும் வந்தது. கேம்போர்ன்காரனும் எங்கள் ஊர்க்காரனும் ஒரே இருமலைத்தான் இருமினார்கள். இதைச் சொல்லாமல் அந்தக் கம்பெனியின் விளையாட்டுக் கதையை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

1940-க்கு வருவோம். ஜெர்மன் விமானங்கள் தாழப் பறந்து வந்து சரக்குக் கப்பல்களையும் மீன்பிடிக் கப்பல்களையும் குண்டு போட்டு மூழ்கடித்தன. திருப்பிச் சுட அவற்றில் ஒன்றும் இல்லை. போஃபர்ஸ், ஓர்லிகன் மாதிரி நல்ல விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் போர்க்கப்பல்களுக்கே போதவில்லை. கைக்குக் கிடைத்ததை வைத்து ஆயுதம் யோசிக்கக் கடற்படை ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தது. சார்ல்ஸ் குடீவ் என்ற கனடாக்கார விஞ்ஞானி அதை நடத்தினார். நாவலாசிரியர் நெவில் ஷூட்டும் அங்கே வேலை பார்த்தார். துப்பாக்கித் தொழிற்சாலைகளுக்கு ஏற்கெனவே கழுத்து மட்டும் வேலை. ஆகவே துப்பாக்கியே செய்திராத, ஆனால் காற்றின் குணம் தெரிந்த கேம்போர்ன் கம்பெனிக்கு அந்த வேலை போனது.

ஹோல்மன்காரர்கள் செய்தது நாலரை அடி நீளமுள்ள வழுவழுப்பான இரும்புக் குழாய். அடியில் ஒரு வால்வு, பக்கத்தில் காற்று அடைத்த சிலிண்டர்கள். குண்டை வாய் வழியாக உள்ளே விட வேண்டும். அது அடியில் போய் மோதியதும் வால்வு திறக்கும், காற்று அதை மேலே தள்ளும். வெடிமருந்து வேண்டாம், பயிற்சி பெற்ற பீரங்கிக்காரன் வேண்டாம். சுமார் அறுநூறு அடி உயரம் எறியலாம், நிமிடத்துக்கு 30 முறை போடலாம் என்று கணக்குச் சொன்னார்கள்.

குழாய் சுலபமாக வந்துவிட்டது. கஷ்டம் கொடுத்தது குண்டுதான். கையிருப்பில் ஏராளமாக இருந்தது காலாட்படையின் மில்ஸ் கைக்குண்டு. அது முட்டை வடிவம், மேலெல்லாம் கட்டம் கட்டமாக வெட்டு, பக்கவாட்டில் ஒரு நெம்புகோல். உருண்டைக் குழாயில் அதைப் போட்டால் இடுக்கு வழியாகக் காற்று ஓடிவிடும். என் தொழிலில் தினமும் பார்த்ததுதான் இது: ஹோஸ் மூட்டில் ஒரு நூல் இடைவெளி இருந்தால், எத்தனை பெரிய கம்ப்ரஸர் வைத்தாலும் கீழே பாறையைத் துளைக்கும் ஹேமர் முனகும். அவர்கள் கைக்குண்டை ஒரு தகரக் குவளைக்குள் வைத்தார்கள். குவளை குழாய்க்குப் பொருந்தி நின்றது, நெம்புகோலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டது. மேலே போனபின் குவளை கழன்று விழ, நெம்புகோல் விடுபட்டு, சில நொடிகளில் குண்டு வெடிக்கும். இந்தக் கருவியில் உள்ள அசல் மூளை குழாயில் இல்லை, குவளையில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பிறகுதான் வில்லங்கம். மீன்பிடிக் கப்பல்களில் நீராவி சும்மா கிடைக்கிறதே என்று, அடுத்த மாடலைப் பாய்லர் நீராவியில் ஓட வைத்தார்கள். குளிர்ந்த கடல்காற்றில் நிற்கிற குழாய்க்குள் நீராவி தண்ணீராக மாறும், அழுத்தம் இறங்கும். அப்போது குண்டு வானத்துக்குப் போகாது. குழாய் வாயில் எட்டிப் பார்த்துவிட்டு, தொப்பென்று கப்பல் தளத்திலேயே விழுந்து உருளும். பாதுகாப்பு ஊசி பிடுங்கிய கைக்குண்டு உருளும் தளத்தில் மாலுமி என்ன செய்வான்? ஓடுவான், அல்லது உதைத்துக் கடலில் தள்ளுவான். எதிரி விமானங்கள் சிலவற்றைச் சேதப்படுத்தியதாகவும் பதிவு உண்டு. ஆனால் மாலுமிகளிடம் கேட்டால் தளத்தில் உருண்ட கதையைத்தான் சொன்னார்கள்.

சர்ச்சில் முன்னால் நடந்த செயல்விளக்கத்தைப் பற்றியும் ஒரு கதை உலவியது. கருவியைக் கொண்டுவந்தவர்கள் குண்டைக் கொண்டுவர மறந்துவிட்டார்களாம். சாப்பாட்டோடு வந்திருந்த பீர் பாட்டில்களைக் குழாயில் போட்டு எய்து காட்டினார்களாம். வெடிமருந்து மிச்சமாகும் என்று பிரதமர் மெச்சினாராம்.

பீர் பாட்டில் போகிறதென்றால் கிழங்கும் போகும். பயிற்சிக்கு நிஜக் கைக்குண்டை வீணாக்க முடியாது. சமையலறையில் மூட்டை மூட்டையாகக் கிழங்கு கிடக்கிறது. மாலுமிகள் அதைப் போட்டுப் பழகினார்கள். கிழங்கு தளத்தில் விழுந்தாலும் யாருக்கும் கால் போகாது. சீக்கிரமே இது பயிற்சி என்ற நிலையைத் தாண்டியது. துப்பாக்கிப் படகுகள் ஒன்றையொன்று கடக்கும்போது கிழங்குச் சண்டை நடந்தது. சுமார் 4,500 கருவிகள் செய்யப்பட்டன. நல்ல துப்பாக்கிகள் வரவர இவை ஓரம் கட்டப்பட்டன.

குழாயில் காற்றை அடைத்து எறிவது ஹோல்மன் கண்டுபிடித்ததல்ல. ஐரோப்பியப் பையன்கள் எல்டர் மரக்குச்சியின் சோற்றைக் குடைந்தெடுத்துத் துப்பாக்கி செய்தார்கள். ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில்கூட அது ஒரு கிண்டலுக்கு உதவுகிறது. பஸ்தாரின் ஜக்தல்பூரில் ரதயாத்திரையை ஒட்டி வரும் கோஞ்சா திருவிழாவில், மூங்கில் குழாயில் ‘பெங்’ என்ற பச்சைக் காயை வைத்து ஜகந்நாதர் தேருக்கு மரியாதை வேட்டு போடுகிறார்கள். கருவியின் பெயர் துப்கி. அந்தக் காய் வேறொன்றுமில்லை, நம் சித்த மருந்துக்கடை வாலுழுவையின் காய்தான். இவற்றிலெல்லாம் உள்ள சூட்சுமம் ஒன்றே. முன்னால் ஒரு காய், பின்னால் ஒரு காய், நடுவில் காற்று. பின்காயைக் குச்சியால் தள்ளினால் காற்று இறுகி முன்காய் வெடிச் சத்தத்தோடு பறக்கும். தள்ளிய பின்காய் இப்போது குழாய் வாயில் வந்து உட்கார்ந்திருக்கும். அடுத்த குண்டு அதுதான். காய்க்குப் பதில் சணல் பந்து வைத்த பையன்கள், விழுந்ததைப் பொறுக்கி வந்து மறுபடி போட்டார்கள்.

போருக்குப் பின் லோன் ஸ்டார் கம்பெனியின் ‘ஸ்பட்மேட்டிக்’ என்ற உலோகப் பொம்மைத் துப்பாக்கி பிரிட்டிஷ் பிள்ளைகள் கையில் இருந்தது. அதன் முனையைக் கிழங்கில் குத்தி ஒரு துணுக்கைப் பெயர்த்துச் சுடுவார்கள். 1970-களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் தகர டின்களை அடுக்கி டென்னிஸ் பந்து எய்தார்கள். கிழங்கு ஒரு தடவையோடு கூழாகிவிடும், பந்தைத் தேடி எடுத்து வந்து நாள் முழுக்கச் சுடலாம். 1986-ல் டெலவேரில் பூசணிக்காய் எறியும் போட்டி தொடங்கியது. அந்தப் போட்டிக்கு வருகிற வகைக் காற்றுப் பீரங்கி ஒன்று 2010-ல் யூட்டாவின் மோவாபில் பூசணியை ஒரு மைலுக்கு மேல் எறிந்தது. எனக்கு இதில் பெரிய மரியாதை இல்லை. லாரி அளவு கம்ப்ரஸர் வைத்தால் எதுவும் பறக்கும்.

தங்கவயல் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. கேம்போர்ன் தொழிற்சாலையை 2003-ல் மூடினார்கள். பிளாஸ்டிக் குழாய் மட்டும் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. வீடியோ பார்த்துவிட்டு அதில் காற்றடைக்கலாமா என்று கேட்டுப் பையன்கள் என்னிடம் வருகிறார்கள். கூடாது. பிவிசி குழாய் தண்ணீருக்காகச் செய்யப்பட்டது. தண்ணீர் இருக்கும்போது உடைந்தால் ஒழுகும், காற்று இருக்கும்போது உடைந்தால் சில்லு சில்லாகச் சிதறும். குழாயின் மேல் அழுத்தம் என்று போட்டிருக்கும் எண் தண்ணீருக்கானது. அந்தச் சில்லு கண்ணில் பாய்ந்தால் எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. பிள்ளைகளுக்கு ஆசை இருந்தால் ஒரு மூங்கில் குழாயை வெட்டிக் கொடுங்கள், குண்டுக்கு ஈரக் காகிதம் போதும்.