மலைமேல யாரு வெளியாளு?

டிஸ்டோபியன் கதைகள்ல ஒரு காட்சி தவறாம வரும். ஒரு எல்லை, ஒரு செக்போஸ்ட், கையில பேப்பரோட ஒரு ஆள். எதிர்ல நிக்கிற அதிகாரி, “நீ எந்த ஊரு?”ன்னு கேப்பார். பிறந்ததுல இருந்து அதே மண்ணுல இருந்தவரா இருந்தாலும், அந்த அதிகாரி ஒத்துக்கிற மாதிரி ஒரு பதில் அவர்கிட்ட இருக்காது. இதை எதிர்காலக் கதையாவே பார்த்துப் பழகிட்டோம். கம்பத்துல நின்னு மேற்க நிமிர்ந்து பார்த்தா ஒரு மலை தெரியும். அந்த மலையில இது நடந்து முடிஞ்ச வரலாறு.

மலைக்கு இந்தப் பக்கம் தேனி, அந்தப் பக்கம் இடுக்கி. மேல ஏற குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுன்னு மூணு முக்கியமான ரோடு. தினமும் விடியறதுக்கு முன்னாடியே கம்பம், கோம்பை, தேவாரம், போடி பக்கத்துல இருந்து ஜீப்புகள் கிளம்பும். உள்ள நெருக்கியடிச்சுக்கிட்டு ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போற பெண்கள். சாயங்காலம் திரும்பிடுவாங்க. இவங்க தவிர, மேலேயே தோட்ட லயங்கள்ல நாலஞ்சு தலைமுறையா குடியிருக்கிற தமிழ்க் குடும்பங்களும் இருக்கு. இந்த எபிசோட் முக்கியமா அவங்களைப் பத்தினது.

2011 நவம்பர் கடைசியில ‘டேம் 999’னு ஒரு படம் வந்துச்சு. ஒரு அணை உடையிற கதை. 1975-ல சீனாவுல பான்சியாவ் அணை உடைஞ்சதுதான் தூண்டுதல்னு படக்குழு சொன்னாங்க. ஆனா முல்லைப் பெரியாறு அணைக்கான நிலத்தைத் திருவிதாங்கூர் 1886-ல குத்தகைக்குக் கொடுத்தது 999 வருஷத்துக்கு. தேனிக்காரங்க படத்தோட பேரை வேற எப்படிப் படிப்பாங்க? தமிழ்நாடு அரசு படத்தைத் தடை செஞ்சது. அதே வருஷம் இடுக்கியில சின்னச் சின்ன நில அதிர்வுகளும் வந்திருந்ததால, அணைக்குக் கீழ இருந்த ஜனங்களோட பயம் நிஜமான பயம். அதைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரல. அதே அணைத் தண்ணியை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கோட இருபோக நெல்லும் இருக்கு. அதனால இந்தப் பக்கத்துக் கோவமும் நிஜம்.

அந்தப் பயம் அணையோட நிக்கல, ஆளுங்க மேல திரும்புச்சு. டிசம்பர்ல இடுக்கித் தோட்டங்கள்ல இருந்த தமிழ்த் தொழிலாளர்களை மிரட்டி விரட்டினாங்க. குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு, காட்டுப் பாதையில இறங்கி தேனிப் பக்கம் வந்து சேர்ந்தாங்க. கம்பம் பள்ளத்தாக்கு மொத்தமும் எல்லையை நோக்கி நடந்துச்சு; ஆயிரக்கணக்கான பேர், நாள் கணக்கா. 144 தடை உத்தரவு. தமிழ்நாட்டுல மலையாளிகளோட கடைகளும் அடிபட்டுச்சு, அதையும் சொல்லாம விடக்கூடாது. ஆனா ஓடி வந்தவங்களோட நிலைமை விசித்திரமானது. அவங்கள்ல பலர் பிறந்ததே மேலதான். ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் கேரளாவுல. அவங்க “சொந்த ஊர்”னு இறங்கி வந்த இடத்துல ஒரு திண்ணைகூட அவங்களுக்குச் சொந்தமில்ல.

இது எங்க ஆரம்பிச்சது? 19-ம் நூற்றாண்டோட பின்பாதியில வெள்ளைக்காரங்க இந்த மலைகள்ல தோட்டம் போட்டப்போ, கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகள்ல இருந்து ஆள் பிடிச்சுக் கொண்டுவந்தாங்க. முன்பணம், கடன், லயம்னு அதே வழிதான் இலங்கையிலயும். அங்க 1948-ல ஒரு குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை ஒரே வீச்சுல நாடில்லாதவங்களா ஆக்குச்சு. இங்க அவ்வளவு கொடூரம் நடக்கல. நடந்தது கொஞ்சம் நாகரிகமானது.

1955-ல மாநில மறுசீரமைப்பு ஆணையம் அறிக்கை கொடுத்துச்சு. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோட சேரணும்னு திருவிதாங்கூர் தமிழர்கள் போராடிக்கிட்டிருந்த காலம். 1954 ஆகஸ்ட்ல தெற்கே துப்பாக்கிச் சூடு வரைக்கும் போயிருந்துச்சு. தேவிகுளத்துல தமிழ் பேசுறவங்கதான் பெரும்பான்மைன்னு ஆணையத்துக்குத் தெரியும். ஆனா அதுல கணிசமான பகுதி தோட்ட வேலைக்கு வந்து போற ஜனம்ங்கிற வாதத்தை அது ஏத்துக்கிச்சு. புது மாநிலத்தோட பொருளாதாரத்துக்கு இந்த மலைகள் வேணும்ங்கிறதும் சேர்ந்துக்கிச்சு. 1956 நவம்பர் 1-ல கன்னியாகுமரி இந்தப் பக்கம் வந்துச்சு, தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கம் நின்னுடுச்சு.

எல்லைக்கோடு எந்தப் பக்கம் விழுந்ததுங்கிறதுல எனக்குப் பெரிய சண்டை இல்ல. உறுத்துறது “வந்து போறவங்க”ங்கிற அந்தக் கணக்குதான். ஏன்னா அதே 1950-கள்ல திருவிதாங்கூர்-கொச்சி அரசு, இதே மலைகள்ல ஆளுக்கு 5 ஏக்கர் கொடுத்து விவசாயிகளைக் குடியேத்துச்சு. நெடுங்கண்டம் பக்கத்துல பட்டம் காலனின்னு இன்னைக்கும் பேர் இருக்கு, முதலமைச்சரா இருந்த பட்டம் தாணுப் பிள்ளை பேர்ல. உணவுப் பஞ்ச காலம், வந்தவங்களும் ஏழைங்கதான். ஆனா புதுசா வந்தவர் கைக்கு நிலம் வந்துச்சு, அவர் ஊர்க்காரர் ஆயிட்டார். ரெண்டு தலைமுறையா அங்கேயே இருந்தவருக்கு லயத்துல ஒரு ரூம். அதுவும் வேலை இருக்கிற வரைக்கும்.

லெனின் பாரதி எடுத்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) பார்த்திருப்பீங்க. பார்க்கலைன்னா இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க, கிளைமாக்ஸைச் சொல்லப் போறேன். மலைக்கும் அடிவாரத்துக்கும் ஏலக்காய் மூட்டை சுமக்குற ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்கணும்ங்கிறதுதான் வாழ்க்கை. வாங்குவான், இழப்பான். கடைசியில அதே நிலத்துல காத்தாடி கம்பெனிக்கு வாட்ச்மேன். ரோபோ இல்ல, வானத்துல கேமரா இல்ல. நான் பார்த்ததுலயே ஆகக் கசப்பான டிஸ்டோபியன் முடிவு அது.

2011-ல எல்லாரும் பயந்த அணை இன்னைக்கும் நிக்குது. 2014-ல உச்ச நீதிமன்றம் 142 அடி வரைக்கும் தண்ணி தேக்கலாம்னு தீர்ப்பும் சொல்லிடுச்சு. பேரழிவு வேற பக்கமா வந்துச்சு. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறு பக்கம் பெட்டிமுடியில மலை சரிஞ்சு லயங்களை மூடிடுச்சு. 70 உயிர். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். தூங்கிக்கிட்டிருந்தவங்க.

கடைசியா ஒரு வழக்கு. தேவிகுளம் தனித் தொகுதியில 2021-ல ஜெயிச்ச ஏ. ராஜா, கேரள சட்டமன்றத்துல தமிழ்ல பதவியேத்தார். 2023 மார்ச்ல உயர் நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாதுன்னுச்சு. அவர் கிறிஸ்தவர், அதனால பட்டியல் சாதி இடத்துல நிக்க முடியாதுன்னு. 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செஞ்சது. மதத்தோட இன்னொரு கேள்வியும் அந்த வழக்குல ஓடுச்சு: அவரோட தாத்தா பாட்டி மலையேறினது எப்போ? பட்டியல் சாதி ஆணை வந்த 1950-க்கு முன்னாடியா, பின்னாடியா? எம்.எல்.ஏ.வுக்கு வாதாட வக்கீல் இருந்தாங்க. லயத்துல இருக்கிற பிள்ளைங்க சாதிச் சான்றிதழுக்கு வில்லேஜ் ஆபீஸ் போனா, அதே வருஷக் கணக்குதான் அவங்க முன்னாடியும் வந்து நிக்குது.