கழுத்து லேபிளும் கைப்பந்தும்

பனியன் கம்பெனியில் ஒரு டி-சர்ட் முழு உருவம் பெறும் நேரத்தில் அதன் பின்கழுத்தில் லேபிள் ஏறுகிறது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு நாடா. பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் பெண் அதை மடித்து வைத்து மெஷினை ஓட்டிவிட்டு அடுத்த பீஸை இழுத்துக்கொள்வார். நிட்டிங், சாயம், கட்டிங், ஓவர்லாக், செக்கிங் எல்லாம் திருப்பூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டாமலே முடிந்திருக்கும். நாடாவில் உள்ள பெயர் மட்டும் ஜெர்மனியிலோ ஸ்பெயினிலோ அமெரிக்காவிலோ இருக்கிற யாரோ ஒருவருடையது. லாபத்தின் பெரும்பங்கு இந்த நாடாவுக்கு உரியவரிடம் போகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஓர் ஊருக்கு எப்படிப்பட்ட விளையாட்டு வாய்க்கும் என்பதிலும் இந்த நாடாவுக்குப் பங்கு உண்டு என்பது என் வாதம். அதற்கு ஆதாரம் தேட இத்தாலி வரை போகவேண்டியிருக்கிறது. பின்னலாடையில் வளர்ந்த ஊர் ஒன்று, ஐரோப்பாவின் தலைசிறந்த கழகங்களுக்கான கோப்பையை நான்கு முறை வென்ற கைப்பந்துக் கழகத்தை அங்கே உருவாக்கியது.

வெனிஸுக்கு வடக்கே இருக்கிறது ட்ரெவிசோ. அதையொட்டிய பொன்சானோ வெனெட்டோவில் 1965இல் லூச்சானோ, ஜூலியானா, ஜில்பெர்த்தோ, கார்லோ என்ற நான்கு உடன்பிறப்புகள் பெனெட்டன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஜூலியானா பின்னிய ஸ்வெட்டர்கள்தான் முதல் சரக்கு. ஆடையைச் சாயமேற்றாமல் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் ஓடுகிறது என்று கடைகளிலிருந்து தகவல் வந்தபிறகு சாயத்தில் முக்கி எடுப்பது அவர்கள் பெரிதாக்கிக் காட்டிய உத்தி. சாயப்பட்டறை வைத்திருப்பவருக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை. தையலையும் பின்னலையும் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துச் சிறு பட்டறைகளுக்குக் கொடுத்தார்கள். திருப்பூர்க்காரர் பார்த்தால் ஜாப் ஒர்க் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார். 1974இல் சிஸ்லி என்ற பிராண்டை வாங்கினார்கள். 1987இல் ட்ரெவிசோவில் அமைந்த கைப்பந்துக் கழகத்துக்கு அந்தப் பெயரையே சூட்டினார்கள். 1994 முதல் 2007 வரையிலான காலத்தில் சிஸ்லி இத்தாலிய லீகை ஒன்பது முறை வென்றது. 2001இல் உலகக் கைப்பந்துக் கூட்டமைப்பு நூற்றாண்டின் சிறந்த ஆட்டக்காரர்களாக இருவரைத் தேர்ந்தபோது, அமெரிக்கர் கார்ச் கிராலியுடன் நின்றவர் லொரென்சோ பெர்னார்தி. தொண்ணூறுகளில் சிஸ்லிக்காக ஆடியவர். அணி ஆடிய பாலாவெர்தே அரங்கம் ட்ரெவிசோவை ஒட்டிய வில்லோர்பாவில் இருக்கிறது. 1983இல் அதைக் கட்டியதும் பெனெட்டன்தான்.

ஸ்வெட்டர் விற்கிறவருக்குக் கைப்பந்து எதற்கு? இத்தாலியில் இந்தக் கேள்வியையே யாரும் கேட்பதில்லை. அங்கே கைப்பந்துக் கழகம் தன்னைத் தாங்கும் கம்பெனியின் பெயரையே தன் பெயராகச் சுமந்துகொள்ளும். மோதெனாவின் அணி, ஸ்டிக்கர் அச்சிடும் பனீனி குடும்பத்தின் பெயரில் ஆடியது. பார்மாவின் அணிக்கு ஒரு காலத்தில் பழச்சாற்றின் பெயர், பிறகு ஐஸ்கிரீமின் பெயர். ராவென்னா அணிக்கு ஒரு நாளிதழின் பெயர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் முடிவைத் திங்களன்று செய்தித்தாளில் படிக்கிறவர் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரை வாசிக்கிறார்; அதே பெயரைக் கடையில் சட்டையின் கழுத்திலும் பார்க்கிறார். ஆட்டத்துக்குச் செலவழித்த பணம் கடை வழியாகத் திரும்பி வரும் பாதை இது. கழுத்து லேபிள் தன்னுடையதாக இருக்கிறவருக்குத்தான் இந்தப் பாதை திறக்கும்.

இனித் திருப்பூரின் கணக்கைப் பார்ப்போம். இங்கே முதல் பின்னலாடைத் தொழிற்கூடம் 1925இல் வந்ததாகச் சொல்வார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகள் உள்நாட்டுக்கான வெள்ளைப் பனியனே ஊரின் அடையாளம். 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் மூலமாக வெள்ளை டி-சர்ட் தேடி இங்கே வந்தார். திருப்பூரின் ஏற்றுமதி வரலாற்றை யார் சொன்னாலும் இந்த வருகையிலிருந்தே தொடங்குவார்கள். 1981இல் ஐரோப்பியக் கடைத்தொடரான சி அண்ட் ஏ வந்தது. 1985இல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2024-25இல் 40,000 கோடியை ஒட்டி நின்றது. ஊரின் வரலாற்றில் இத்தாலி இப்படி நுழைந்ததற்கு அடுத்த ஆண்டே, எதிர்த்திசையில் ஓர் இந்தியர் போனார். கண்ணூர் மாவட்டம் பேராவூரில் பிறந்த ஜிம்மி ஜார்ஜ், கேரளக் காவல்துறையில் பணியாற்றியவர், 1976இல் அர்ஜுனா விருது பெற்றவர். 1979இல் அவர் ஆடச் சென்றது ட்ரெவிசோவுக்கு. சிஸ்லி கழகம் அமைவதற்கு முந்தைய காலம் அது. 1986 சியோல் ஆசியப் போட்டியில் இந்தியா வெண்கலம் வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். மறு ஆண்டு நவம்பர் 30 அன்று இத்தாலியில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 32. அவர் கடைசியாக ஆடிய மொன்திக்கியாரி, காலுறைத் தொழிலுக்குப் பேர்போன காஸ்தெல் கொஃப்ரெதோவுக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றூர். அங்குள்ள விளையாட்டரங்கத்துக்கு அந்த மக்கள் பாலாஜார்ஜ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு தொழில்வட்டாரம் தன் ஆட்டக்காரனைத் தன்னவனாக எண்ணியதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

நம் ஊரிலிருந்து சரக்கு போனது, நம் நாட்டிலிருந்து ஆட்டக்காரரும் போனார். கழகம் மட்டும் இங்கே வரவில்லை. காரணத்தைப் பணத்தில் தேடினால் கிடைக்காது, பணம் வந்தது. வந்த விதத்தில்தான் வேறுபாடு. ஆர்டர் எடுக்கும் ஏற்றுமதியாளருக்கு வாடிக்கையாளர் என்பவர் ஒரு சில பயர்கள்தான். அந்தப் பயர் பார்ப்பது பீஸின் விலை, தரம், கப்பல் தேதி. உள்ளூர் அரங்கில் பத்தாயிரம் பேர் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கைதட்டினாலும் அவர் ஒரு சென்ட் கூட்டித் தரப்போவதில்லை. டாலர் ஏறி இறங்கும்போதும் நூல்விலை எகிறும்போதும் சில ரூபாய் வித்தியாசத்தில் பிழைக்கும் தொழிலில், பெயரை வளர்க்கச் செலவிடு என்று சொன்னால் எந்தப் பெயரை என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு கிரிக்கெட். நாட்டின் கவனம் முழுவதையும் அது எடுத்துக்கொண்டபின் கைப்பந்துக்கு என்ன மிச்சம் என்பார்கள். இத்தாலியில் கால்பந்து எடுத்துக்கொள்ளும் இடம் இதற்குக் குறைந்ததல்ல. ட்ரெவிசோவின் கால்பந்து அணி நாட்டின் முதல்நிலை லீகில் 2005-06 என்ற ஒரே பருவம் ஆடிவிட்டுக் கீழே இறங்கியது. அதே பருவத்தில்தான் சிஸ்லி தன் நான்காவது ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. பெரிய ஆட்டம் விட்டுவைத்த இடத்தில் ஒரு நடுத்தர ஊர் உச்சிக்குப் போகலாம் என்பதற்கு அந்த ஒரு பருவம் போதும். கொங்குக் கிராமங்களில் பொங்கலுக்கும் கோயில் நோன்பிக்கும் மின்னொளிக் கைப்பந்துப் போட்டி நடக்கிறது. மண்ணில் சுண்ணாம்புக் கோடு, இரண்டு கம்பம், நான்கு விளக்கு, யாராவது ஒருவர் நினைவாக ஒரு கோப்பை, முதுகில் நகைக்கடையின் பெயர் அச்சிட்ட பனியன். ஆட்டம் செத்துவிட்டது என்று சொல்ல இங்கே ஆதாரமில்லை. கிரிக்கெட்டிலேயே என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். தமிழ்நாடு பிரீமியர் லீகை 2025இல் வென்ற அணியின் பெயர் திருப்பூர் தமிழன்ஸ். அதை நடத்துவது சென்னை நிறுவனம். முதலில் அது காரைக்குடியின் பெயரில் ஆடிய அணி. ஊரின் பெயர் சட்டையில் ஏறிவிட்டது, ஆட்டம் ஊருக்குள் வரவில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. திருப்பூருக்குச் சொந்த லேபிளே இல்லையா? இருக்கிறது. பூமெக்ஸ், ராம்ராஜ் என்று தென்னாடு முழுக்கத் தெரிந்த பெயர்கள் இந்த ஊரிலிருந்து எழுந்தவை. அவை தொலைக்காட்சி விளம்பரத்தையும் நடிகர்களையும் நம்பி வளர்ந்தன, அணி கட்டவில்லை. ஆகவே லேபிள் மட்டுமே கழகத்தைப் பெற்றுத் தந்துவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டக்காரர்கள் எங்கே போகிறார்கள் என்பதும் இதில் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கைப்பந்து நன்றாக ஆடும் பையனுக்கு ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வங்கி, காவல்துறை என்று வேலைதான் இலக்கு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் அந்தச் சம்பளம் குடும்பத்தையே தூக்கிவிடும். 1982இல் அர்ஜுனா விருதும் 2007இல் துரோணாச்சாரியார் விருதும் பெற்ற ஜி.இ. ஸ்ரீதரன் போன்றவர்களைத் தந்தது துறை அணிகள் தாங்கிய இந்தத் தமிழகக் கைப்பந்துதான். அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அணி துறைக்குச் சொந்தமாகும்போது அது ஊருக்குச் சொந்தமாவதில்லை. 2019இல் வந்த புரோ வாலிபால் லீகில் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பையை வென்றது. அந்த லீக் ஒரே பருவத்தோடு நின்றது. 2022இல் பிரைம் வாலிபால் லீக் வந்தபோது சென்னை பிளிட்ஸ் என்று வேறோர் அணி வந்தது. வென்ற அணியே அடுத்த லீகில் இல்லாமல் போகிற இடத்தில், பையன் அரசு வேலையைப் பிடித்துக்கொள்வது சரியான முடிவு.

லேபிள் வைத்திருந்த ட்ரெவிசோவுக்கும் ஆயுள் உறுதி இருக்கவில்லை என்பது மூன்றாவது மறுப்பு. என் வாதத்தை மாற்றிக்கொள்ள வைத்ததும் இதுதான். கைப்பந்து, கூடைப்பந்து இரண்டிலும் உயர்மட்ட அணிகளை நடத்துவதிலிருந்து 2012இல் விலகப்போவதாக பெனெட்டன் அறிவித்தது. கடைசிப் பருவத்தை வடக்கே மலையடிவாரத்து பெல்லூனோவில் ஆடிவிட்டு சிஸ்லி கலைந்தது. ஒன்பது முறை நாட்டை வென்ற கழகம் ஒரு குடும்பத்தின் முடிவில் இல்லாமல் போயிற்று. ஒற்றைக் காலில் நின்றது, கால் விலகியதும் விழுந்தது. ஆனால் அதே 2012இல், அதே மாவட்டத்து கொனெலியானோவில், இமோகோ என்ற பெண்கள் கழகம் பிறந்தது. அதற்குப் பின்னால் உலகப் பெயர் எதுவும் கிடையாது. 1775 முதல் மரப்பீப்பாய் செய்துவரும் கார்பெலொத்தோ குடும்பத்தில் வந்தவர் அதன் தலைவர்களில் ஒருவர். அவருடன் சுற்றுவட்டாரத் தொழிலதிபர்கள் பலர் கூடிக் கழகத்தைத் தாங்குகிறார்கள். பெனெட்டன் கட்டிய பாலாவெர்தேயிலேயே அந்தப் பெண்கள் ஆடுகிறார்கள். 2019 இறுதியிலிருந்து 2021 டிசம்பர் வரை தொடர்ந்து 76 ஆட்டங்களில் வென்றார்கள். 2021, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையையும் எடுத்தார்கள். பெரிய லேபிள் விட்டுச்சென்ற அரங்கில் சிறிய பெயர்கள் பல சேர்ந்து அதற்கு இணையான உயரத்துக்கு ஏறியிருக்கின்றன.

எனவே லேபிள் இல்லாததால் கழகம் இல்லை என்ற விளக்கம் 1980களுக்குப் பொருந்தும், இன்றைக்குப் பொருந்தாது. பலர் சேர்ந்து ஒன்றைத் தாங்குவதைத் திருப்பூருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கத்தை அமைத்தார்கள். தண்ணீரில்லாத ஊருக்குக் காவிரி-பவானிப் பக்கத்திலிருந்து நீர் கொண்டுவரும் திட்டத்தில் தொழில்துறையும் பங்கெடுத்தது. நொய்யலைச் சாயக் கழிவு கெடுத்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மீண்டும் திறக்க வேண்டுமானால் கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகக்கூடாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பட்டறைக்காரர்களே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனிகள். அவற்றை அந்த நிபந்தனைக்கேற்ப மாற்றி, கடனும் பங்குமாகச் செலவைப் பிரித்துக்கொண்டு எழுந்தார்கள். போட்டியாளர்கள் ஒரே குழாயில் தங்கள் தண்ணீரை விட்டு, அளவுக்குத் தக்கபடி பணம் கட்டும் ஏற்பாடு இது. கொனெலியானோவின் பீப்பாய்க்காரர்கள் செய்ததைவிட இது கடினமான கூட்டு.

மிஞ்சுவது நேரம். எனக்குப் பதில் சொல்லச் சிரமமாக இருக்கும் மறுப்பு இதுதான். காலை எட்டரைக்குத் தொடங்கும் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு ஆகிவிடும். கப்பல் தேதி நெருங்கும்போது அதுவும் நீளும். ஊரின் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். வீடு திரும்பியபின் அவர்களுக்கு அடுப்படியில் இன்னொரு ஷிப்ட் காத்திருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் விடுதி அறையில் எட்டுப் பேராகப் படுக்கிறார்கள். இத்தாலியக் கழகங்கள் எல்லாம், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மாலை வேளையில் பந்து தூக்கிப் பழகும் சிறுவர் சிறுமியரிடமிருந்தே வளர்ந்தவை. கூட்டிப்போக அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒரு மாலை வேண்டும். நூலுக்கும் சாயத்துக்கும் தண்ணீருக்கும் கூடிப் பேசிய சங்கங்கள், வாரத்தில் ஒரு நாளாவது மெஷின் ஐந்தரைக்கு நிற்கட்டும் என்று பேசினால் ஒழிய, யார் எவ்வளவு பணம் போட்டு அரங்கம் கட்டினாலும் அதில் உட்கார ஆள் வராது.