முதலில் எழ வேண்டியது யார்? கெர்னலும் திரை இயக்கியும்

கணினி எப்படித் தொடங்குகிறது என்று கேட்டால் நம் மாணவர்கள் மடமடவென்று எழுதிவிடுவார்கள்: பயாஸ், துவக்கி, கெர்னல், இயக்கிகள், பிறகு உள்நுழையும் திரை. தப்பு இல்லை. ஆனா, 'இயக்கிகள்' என்று ஒரே சொல்லில் தாண்டிப் போகிறோமே, அந்த ஒரு சொல்லுக்குள்ளே 40 ஆண்டுச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நூற்றுக்கணக்கான இயக்கிகளில் எது முன்னே, எது பின்னே? அதை யார் முடிவு செய்கிறார்கள்?

திரை இயக்கிக்கு இந்தக் கேள்வி மற்றவற்றைவிடக் கடுமையானது. ஒலி அட்டை எழவில்லை என்றால் திரையில் ஒரு செய்தி வரும். திரையே எழவில்லை என்றால் அந்தச் செய்தி எங்கே வரும்? சபைகூடலில் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்பதை ஒலிபெருக்கியில் அறிவிக்க முடியாது, அது மாதிரிதான்.

ஐபிஎம் நிறுவனம் 1981இல் தன் தனிநபர் கணினியை வெளியிட்டபோது இது அவ்வளவு பெரிய தொல்லையாக இல்லை. திரை அட்டைகள் இரண்டே வகை. அவற்றை எழுப்பும் நிரல் பயாஸுக்குள்ளேயே இருந்தது. 1984இல் வந்த இ.ஜி.ஏ. அட்டை தன்னை எழுப்பும் நிரலைத் தன் சொந்த ரோமிலேயே கொண்டுவந்தது. அதன்பின் ஒரு வழக்கம் நிலைத்தது: பயாஸ் முதலில் திரை அட்டையின் ரோமைத் தேடி ஓட்டும், மற்ற அட்டைகளின் ரோம்கள் அதற்குப் பிறகுதான். அதுவரை பேச இருந்த ஒரே வாய் ஒலிப்பான். ஒரு நீண்ட 'பீப்', இரண்டு குறுகிய 'பீப்' என்றால் திரை அட்டையில் கோளாறு. அந்தக் காலக் கணினிகளோடு மல்லுக்கட்டிய ஆசிரியர்களுக்கு இது நினைவிருக்கும்.

1991இல் லினுஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய முதல் லினக்ஸுக்கும் இந்த வழக்கம் வசதியாக அமைந்தது. கெர்னல் ஓடத் தொடங்கும்போது திரை ஏற்கெனவே விழித்திருக்கும். 80 எழுத்து அகலம், 25 வரி; ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் வீதம் 4,000 பைட். நினைவகத்தின் குறிப்பிட்ட இடத்தில் எழுதினால் போதும், எழுத்து திரையில் தெரியும். எந்தப் பகுதி எப்போது தொடங்க வேண்டும் என்பதும் ஒரே கோப்பில், ஒன்றன்கீழ் ஒன்றாக, பெயர் சொல்லி அழைக்கப்பட்டது. அழைத்த வரிசைதான் தொடங்கும் வரிசை. படித்தால் புரியும்.

இயக்கிகள் பெருகப் பெருக அந்த முறை தாங்கவில்லை. ஒவ்வொரு புதிய இயக்கிக்கும் அந்தப் பொதுக் கோப்பைத் திருத்திக்கொண்டே இருக்க முடியுமா? அதனால் வேறு ஏற்பாடு வந்தது. ஒவ்வோர் இயக்கியும் 'என் தொடக்கச் செயற்கூறு இது' என்று தன் கோப்பிலேயே பதிந்துவிடும். தொகுப்பின் கடைசியில் இணைப்பி அந்த முகவரிகளை எல்லாம் ஒரே பட்டியலாக அடுக்கும். கெர்னல் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டும். அடிப்படைப் பகுதிகள், பாட்டைகள், துணை அமைப்புகள், கோப்பு முறைமைகள், சாதனங்கள், கடைசியில் தாமதமாக வருபவை என்று நிலைகளும் பிரிக்கப்பட்டன.

சரி, ஒரே நிலையில் இருக்கும் இரண்டு இயக்கிகளில் எது முன்னே? இங்கேதான் கதை சுவையாகிறது. இணைப்பி எதை முதலில் சேர்த்ததோ அதுதான். அதாவது மேக்ஃபைல் என்ற தொகுப்புக் கோப்பில் எந்த வரி மேலே இருக்கிறது என்பதே கணினியின் தொடக்க வரிசையை முடிவு செய்கிறது! லினக்ஸ் இயக்கிகளின் மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள். திரைச் செயலி அடைவு, எழுத்துச் சாதன அடைவுக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்று காரணத்தோடு குறிப்பு இருக்கும். திரைச் செயலி அடைவின் சொந்த மேக்ஃபைலில் இன்னொன்று: என்விடியாவின் டெக்ரா சில்லுக்கான திரை இயக்கி, ஹோஸ்ட்1எக்ஸ் என்ற இயக்கியை நம்பியிருக்கிறது; இரண்டும் கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டால், இப்போதைக்கு இணைப்பு வரிசை ஒன்றுதான் வழி என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். யாராவது ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று அந்த வரிகளை அகர வரிசையில் மாற்றினால், எங்கோ ஒரு கருவியின் திரை எழாமல் போகலாம். சார்பு என்பது நிரலில் இல்லை. அதைச் சுற்றியுள்ள ஒரு குறிப்பில் இருக்கிறது. எனக்கு இது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

கைப்பேசிச் சில்லுகள் வந்ததும் இதுவும் போதவில்லை. மேசைக் கணினியில் திரை அட்டை ஒரே பொருள், பி.சி.ஐ. பாட்டையில் கேட்டால் 'நான் இன்னார்' என்று தானே சொல்லும். கைப்பேசியில் 'திரை' என்பது ஒரு கூட்டுக் குடும்பம்: காட்சிக் கட்டுப்படுத்தி, சமிக்ஞையை மாற்றும் பாலம், கண்ணாடிப் பலகை, பின்னொளி, மின்னழுத்தச் சீராக்கி, கடிகாரச் சுற்று. ஒவ்வொன்றுக்கும் தனி இயக்கி. சீராக்கி எழாமல் பலகைக்கு மின்சாரம் இல்லை. பலகை இல்லாமல் கட்டுப்படுத்திக்கு வேலை இல்லை. இந்த உறவுகள் கருவிக்குக் கருவி மாறும். எந்த மேக்ஃபைல் வரிசையும் எல்லாருக்கும் பொருந்தாது.

2012இல் வெளிவந்த லினக்ஸ் 3.4 இதற்கு ஓர் எளிய விடை தந்தது. தனக்கு வேண்டியது இன்னும் வரவில்லை என்றால், இயக்கி 517 என்ற பிழை எண்ணைத் திருப்பித் தரலாம். அதன் பொருள் 'தோல்வி' இல்லை. 'இப்போ முடியாது, அப்புறம் கூப்பிடு'. கெர்னல் அதைக் காத்திருப்போர் பட்டியலில் போடும். வேறு ஏதாவது ஓர் இயக்கி வெற்றியாக எழுந்ததும், காத்திருப்போரை மறுபடியும் கூப்பிட்டுப் பார்க்கும். வரிசையை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லாமல் போனது. மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: வரிசை மனப்பாடப் பட்டியலாக இருந்த நிலை மாறி, சார்பின் விளைவாக ஆகிவிட்டது.

குறையும் உண்டு. தேவையான இயக்கி கெர்னலில் சேர்க்கப்படவே இல்லை என்றால், திரை காத்துக்கொண்டே இருக்கும், சத்தமே போடாமல். பல உறுப்புகள் கொண்ட திரைக்கு, எல்லாரும் வந்து சேர்ந்த பிறகே ஒன்றாகத் தொடங்கும் தனி ஏற்பாடும் 2014இல் சேர்ந்தது.

இதற்கிடையில் பயனர் எதைப் பார்ப்பது? கெர்னலின் செய்திகள் திரை வரும்வரை நினைவகத்தில் சேர்ந்திருக்கும், பிறகு மொத்தமாகக் கொட்டப்படும். புதிய கணினிகளில் யு.இ.எஃப்.ஐ. நிலைநிரல் ஒரு படச்சட்டத்தை முன்பே தயார் செய்து கொடுப்பதால், ஒரு தற்காலிக இயக்கி அதில் எழுதும். உண்மையான இயக்கி வந்ததும் தற்காலிகத்தை வெளியேற்றிவிட்டு இடத்தைப் பிடிக்கும். ஆபத்து அந்த ஒரு நொடியில்தான். பழையதை வெளியேற்றிய பிறகு புதியது தோற்றால், அதுவரை நன்றாகத் தெரிந்த திரை இருண்டுவிடும் அல்லது உறைந்துவிடும். கணினி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். பார்ப்பவருக்கோ அது செத்த கணினி.

2021இல் 5.13 பதிப்பு இன்னொரு படி போனது. கருவியின் அமைப்பை விவரிக்கும் சாதன மரத்தை முன்பே படித்து, யார் கொடுப்பவர், யார் வாங்குபவர் என்று உறவுகளைக் கெர்னலே வரைந்துகொள்ளும் முறை இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. கொடுப்பவர் எழும்வரை வாங்குபவரை எழுப்பாது. வீணான மறுமுயற்சிகள் குறைந்தன. ஆனால் 'நீ முதல்ல, நீ முதல்ல' என்று இரண்டு சாதனங்கள் ஒன்றையொன்று சுட்டும் வட்டங்களை அவிழ்ப்பதும், வராத கொடுப்பவருக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதும் தனி வேலைகளாயின.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மேக்ஃபைல் குறிப்புகள் போகவில்லை. லினக்ஸின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. வகுப்பில் மாணவர்களோடு திறந்து, 'இப்போதைக்கு' என்று எழுதிய அந்த வரியைத் தேடிப் பார்க்கலாம்.