மூடிய வண்டியும் ஒரு வழக்கும்

அறுபதுகளின் கடைசியில், புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ஃப்லோபேரின் 'மதாம் பொவாரி' நாவல் பாடமாக இருந்தது. சில பக்கங்கள் வந்ததும் ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிடுவார். அன்றிரவு நாங்கள் முதலில் படித்தது எதை என்று சொல்லவும் வேண்டுமா?

கணவனை ஏமாற்றி, கடனில் மூழ்கி, கடைசியில் உயிரை மாய்த்துக்கொள்ளும் ஒரு டாக்டர் மனைவியின் கதை அது. 1856 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு பாரீஸ் இதழில் தொடராக வந்தது. அரசின் கண் ஏற்கெனவே தங்கள்மேல் இருப்பதை அறிந்த இதழ்க்காரர்கள் பயந்து சில இடங்களை வெட்டினார்கள். அப்படி வெட்டியதில் ஒன்று ரூவான் நகரத்து வண்டிக் காட்சி.

அந்தக் காட்சியில் என்னதான் இருக்கிறது? எம்மாவும் அவள் காதலனும் ஏறிய குதிரை வண்டி, திரையை இறக்கிக்கொண்டு நகரமெங்கும் சுற்றுகிறது. ஆசிரியர் தெருப் பெயர்களைச் சொல்கிறார், வண்டிக்காரனின் களைப்பைச் சொல்கிறார். உள்ளே நடப்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஃப்லோபேர் எழுதாமல் விட்டதைத்தான் இதழ்க்காரர்கள் வெட்டினார்கள்!

வெட்டியும் வழக்கு வந்தது. 1857 ஜனவரி 29 அன்று ஃப்லோபேரும், இதழாசிரியரும், அச்சகத்தாரும் பொது ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் எதிரான குற்றத்துக்காகக் கோர்ட்டில் நின்றார்கள். அரசு வக்கீல் எர்னெஸ்த் பினார். அவருடைய பெரிய குறை, அந்தப் பெண்ணைக் கண்டிக்க நாவலுக்குள் ஒருவர்கூட இல்லை என்பதுதான். ஃப்லோபேரின் வக்கீல் செனார், தவறு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டும் நூல் இது என்று வாதாடினார். பிப்ரவரி 7 அன்று மூவருக்கும் விடுதலை. ஆனாலும் தீர்ப்பில் நூலுக்குக் கண்டனம் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இதே பினார் போத்லேர்மீது வழக்கு நடத்தினார். கவிஞருக்கு 300 பிராங்க் அபராதம், ஆறு கவிதைகளுக்குத் தடை. அந்தத் தீர்ப்பு ரத்தாக 1949 வரை ஆயிற்று.

பினாரை நினைத்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் பணி ஓய்வுக்குப் பிறகு என் சின்ன அத்தையைப் பற்றி ஒரு கதை எழுத உட்கார்ந்தபோது, எனக்குள்ளேயும் ஒரு பினார் இருப்பது தெரிந்தது.

அத்தை இறந்தபோது எனக்கு எட்டு வயது. பிள்ளைகளான எங்களிடம் "வயிற்று வலி" என்றார்கள். கட்டிக்கொடுத்த வீட்டை விட்டு, மனதுக்குப் பிடித்த ஒருவரோடு போகத் துணிந்தவர் என்பதும், திரும்பி வந்தபோது எந்தக் கதவும் திறக்கவில்லை என்பதும், கிணற்றடிப் பேச்சில் பின்னால் என் காதில் விழுந்தவை.

எழுதிய கதையின் கடைசிப் பத்தியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து அத்தையின் தவறை எடுத்துச் சொல்லுவார். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு எழுதிய கை அல்லவா, முடிவில் ஒரு பரிந்துரை இல்லாமல் பேனாவை மூடத் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்துப் படித்துப் பார்த்தேன். அத்தைக்கு இரண்டாம் முறையாகக் கதவைச் சாத்தியிருந்தேன். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். அவர் இறந்த விதத்தையும் விவரிக்கவில்லை. வாசலில் அவர் நின்றதையும், உள்ளே விளக்கு அணைந்ததையும் மட்டும் வைத்தேன்.

அக்கா படித்துவிட்டு ஃபோன் செய்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: "தம்பி, நம்ம வீட்டுல அத்தையத் திட்டாம ஒருத்தர் பேசினது இதான்டா முதல் தடவை."

உங்கள் வீட்டிலும் ஒரு "வயிற்று வலி" இருக்கலாம். எழுதுங்கள். தீர்ப்பை மட்டும் படிக்கிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.